கறுத்த வெள்ளி ரூபாய்: துலக்குமுன் சோதியுங்கள்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசுக்கும் அதுவே பெயர். மனிதரின் நேர்மைக்கும் அதுவே பெயர். காசு நேர்மையானதுதானா என்னும் கவலை அவ்வளவு பழையது. காசைச் சோதித்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்களைப் பழந்தமிழில் வண்ணக்கர் என்றனர். பிற்காலத்தில் நோட்டக்காரர், சராப்பு என்ற பெயர்கள் வழங்கின. காசைச் சுண்டி ஓசை கேட்பதும், எடை போட்டுப் பார்ப்பதும், ஓரத்தில் சிறு வெட்டுப் போட்டு உள்ளே இருப்பது என்ன உலோகம் என்று காண்பதும் அவர்களுடைய முறைகள். அதே வேலையைத் தராசு, காந்தம், நுண்ணோக்கி, எக்ஸ்-கதிர் ஆகியவற்றைக் கொண்டு, காசைக் காயப்படுத்தாமலேயே இன்று செய்ய முடிகிறது.

பாட்டியின் பெட்டியிலிருந்தோ பழைய காசுமாலையிலிருந்தோ ஒரு வெள்ளி ரூபாய் நம் கைக்கு வருகிறது என்று கொள்வோம். முகம் கறுத்திருக்கிறது, ஓரத்தில் பச்சை பூத்திருக்கிறது, ஒரு பக்கம் சற்று வளைந்தும் இருக்கிறது. உடனே நம் கை புளியையோ திருநீற்றையோ பற்பசையையோ தேடும். தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகே, 'இது அசலா, போலியா?' என்று கேட்கத் தோன்றும். இந்த வரிசை தலைகீழானது. காசின் உண்மையைச் சொல்லும் சாட்சிகளில் முக்கியமான ஒன்று அதன் மேற்பரப்பு. தேய்ப்பவர் அந்தச் சாட்சியைத்தான் முதலில் அழிக்கிறார். சோதனை முதலில், சீரமைப்பு பின்னர் என்பது ஏன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அசல் ரூபாயின் இலக்கணம்

ஒன்றைச் சோதிக்க வேண்டுமானால், அது எப்படி இருக்க வேண்டும் என்பது முதலில் தெரிய வேண்டும். வெள்ளி ரூபாயின் வரலாறு ஷேர்ஷாவின் ஆட்சிக் காலத்தில் (1540–1545) தொடங்குகிறது. அவர் வெளியிட்ட ரூபாயின் எடை ஏறத்தாழ 178 கிரெயின், அதாவது சுமார் 11.5 கிராம். மொகலாயர்கள் ஏறக்குறைய அதே எடையைத் தொடர்ந்து கடைப்பிடித்தனர். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே வகை ரூபாயை வெளியிட்டது. அதன் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். இதுவே ஒரு தோலா. 'ரூபாய் எடை' என்று நாட்டு மருந்துகளை நிறுத்த வழக்கம் இந்த நிலையான எடையால் வந்ததே.

இந்த ரூபாயில் 12 பங்குக்கு 11 பங்கு வெள்ளி. எஞ்சிய ஒரு பங்கு செம்பு. நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி என்பது கணக்கு. தூய வெள்ளி மென்மையானது. புழக்கத்தில் விரைவில் தேய்ந்துவிடும். செம்பு சேர்ப்பது அதற்குக் கடினம் ஊட்டவே. இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளி தட்டுப்பட்டதால் 1940 முதல் ரூபாயில் பாதியளவே வெள்ளி சேர்க்கப்பட்டது. மீதி 40 பங்கு செம்பு, 5 பங்கு நிக்கல், 5 பங்கு துத்தநாகம். 1947-ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே இல்லை; அது முழுவதும் நிக்கல்.

ஆகவே, காசின் மேலுள்ள ஆண்டைப் படித்தவுடன் அதன் எடை, கலவை ஆகியவை எவ்வளவு இருக்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. எழுத்துகளும் உதவும். விக்டோரியாவின் காசுகளில் 1876 வரை 'அரசி' என்றும் 1877 முதல் 'பேரரசி' என்றும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டது. 1862 என்ற ஆண்டும் 'பேரரசி' என்ற பட்டமும் ஒரே காசில் இருந்தால், அதைச் சோதிக்கத் தராசே வேண்டியதில்லை!

கறுப்பு என்பது என்ன?

வெள்ளி காற்றிலுள்ள ஆக்சிஜனால் மட்டும் எளிதில் கறுப்பதில்லை. காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்களே அதற்குக் காரணம். ஈரமும் ஆக்சிஜனும் துணை நிற்க, வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற கரிய சேர்மம் உண்டாகிறது. முட்டை உண்ட வெள்ளிக் கரண்டி கறுப்பதும் இதனாலேயே.

சல்பைடுப் படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது காசு கறுப்பதில்லை. இளமஞ்சள், பழுப்பு, கருநீலம் என்று நிறங்கள் வரிசையாகத் தோன்றும். நீரின் மேல் பரவிய எண்ணெய்ப் படலத்தில் வண்ணங்கள் தெரிவது போன்ற ஒளிக் குறுக்கீட்டு விளைவுதான் இதுவும். படலம் தடித்த பிறகே முழுக் கறுப்பு வருகிறது.

இந்தக் கறுப்பில் எவ்வளவு வெள்ளி அடங்கியிருக்கிறது? ஒரு சிறு கணக்குப் போடலாம். ரூபாயின் இரு முகங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 15 சதுர சென்டிமீட்டர். படலத்தின் தடிமன் 0.1 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். வெள்ளி சல்பைடின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம். எனவே படலத்தின் எடை சுமார் 1.1 மில்லிகிராம், அதில் வெள்ளி ஏறத்தாழ 0.9 மில்லிகிராம். 11.66 கிராம் காசில் இது பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். கண்ணுக்குக் காசே கெட்டுவிட்டது போலத் தோன்றினாலும், உலோகம் இழந்தது இவ்வளவே. சாம்பலையும் செங்கற்பொடியையும் கொண்டு தேய்க்கும்போதோ, அவற்றின் துகள்கள் இந்தப் படலத்தைப் போலப் பல மடங்கு ஆழமான கீறல்களை உண்டாக்குகின்றன. நோயைவிட மருந்து கொடிது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு இது.

ஓரத்தில் பூக்கும் பச்சை வேறு வகை. அது காசிலுள்ள செம்பிலிருந்து வருகிறது. ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து செம்பை அதன் கார்பனேட்டாக மாற்றுகின்றன. உப்புள்ள மண்ணில் புதைந்த காசில் மூன்றாவதாக வெள்ளி குளோரைடு உண்டாகும். சாம்பல் நிறமும் மெழுகு போன்ற மென்மையும் உடைய இது, புகைப்படத் தாளைப் போல ஒளி பட்டால் கருமையடையும். கறுப்பு, பச்சை, சாம்பல் ஆகிய மூன்றும் அந்தக் காசு எங்கே எப்படிக் கிடந்தது என்று சொல்லும் குறிப்புகள்.

கடலடியில் கிடந்த காசுகள்

இந்தக் குறிப்புகள் எவ்வளவு பேசும் என்பதற்கு இலங்கைக் கடலில் நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பைக் கூறலாம். தீவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் 'கிரேட் பாசஸ்' என்னும் பாறைத்திட்டு உள்ளது. 1961-இல் அங்கே கடலடியில் மூழ்கிப் படமெடுத்துக்கொண்டிருந்த மைக் வில்சனும் அவருடன் சென்ற இரு சிறுவர்களும் ஒரு பழைய கப்பலின் சிதைவுகளைக் கண்டனர். பீரங்கிகளுக்கிடையே வெள்ளிக் காசுகள் கட்டி கட்டியாக இறுகிக் கிடந்தன. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க், வில்சனின் நண்பர். 1963-இல் நடந்த ஆய்வுப் பயணத்தில் பங்குகொண்டு, அடுத்த ஆண்டு இதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

அந்தக் காசுகள் ஔரங்கசீப்பின் வெள்ளி ரூபாய்கள். சூரத் அக்கசாலையில் ஹிஜ்ரி 1113-இல், அதாவது 1701-02-இல் அச்சடிக்கப்பட்டவை. பைகளில் கட்டி ஏற்றிய காசுகள், பை மட்கிப் போன பின்னும் அந்தப் பையின் வடிவிலேயே ஒட்டி நின்றன. கடல்நீர் வெளிப்புறக் காசுகளை அரித்து, அரிப்பில் விளைந்த சேர்மங்களும் சுண்ணாம்புப் படிவுகளும் அவற்றைச் சிமெண்டு போலப் பிணைத்துவிட்டன. இப்படி வெளியே இருந்தவை கவசமாகிவிட்டதால், உள்ளே இருந்த காசுகள் பல நல்ல நிலையில் கிடைத்தன.

இந்தக் கட்டிகளைப் பார்த்தே சில உண்மைகளை ஊகிக்கலாம். காசுகள் எல்லாம் ஒரே ஊரில், ஒரே ஆண்டில் அச்சானவை. பை பையாகக் கட்டப்பட்டவை. ஆகவே இவை பலர் கையில் புழங்கிச் சேர்ந்த பணமல்ல. அக்கசாலையிலிருந்து நேராக வணிகத்துக்காகக் கப்பலேறிய பணம். ஒவ்வொரு காசையும் பிரித்தெடுத்து அமிலத்தில் நனைத்துப் பளபளப்பாக்கி விற்றிருந்தால், கையில் மிஞ்சுவது வெள்ளி மட்டுமே. இந்தச் செய்தி மிஞ்சியிராது.

முதற் சோதனை: நீரில் எடை

இனி நம் கையிலுள்ள ரூபாய்க்கு வருவோம். அதைத் துலக்காமல், இருக்கும் நிலையிலேயே இரு முகங்களையும் ஓரத்தையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். விளக்கைச் சாய்வாக வைத்து எடுத்தால், தேய்ந்த எழுத்துகளும் நிழலால் புலப்படும். பின்னர் வெர்னியர் அளவியால் விட்டத்தையும் தராசில் எடையையும் கண்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழி. காசை முதலில் காற்றிலும், பிறகு மெல்லிய நூலில் தொங்கவிட்டு நீரிலும் எடை காண வேண்டும். எடைக் குறைவு, காசு வெளியேற்றிய நீரின் எடைக்குச் சமம். எடுத்துக்காட்டாக, சற்றுத் தேய்ந்த ரூபாய் ஒன்று காற்றில் 11.520 கிராமும் நீரில் 10.410 கிராமும் இருக்கிறது என்போம். எடைக் குறைவு 1.110 கிராம். 11.520-ஐ 1.110-ஆல் வகுத்தால் 10.38. நீரின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் எனில் அதன் அடர்த்தி 0.9957, இதனால் பெருக்கினால் காசின் அடர்த்தி 10.33 என்று கிடைக்கிறது.

தூய வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பு 8.96. 91.7 பங்கு வெள்ளியும் 8.3 பங்கு செம்பும் கலந்தால் 10.34 வர வேண்டும். நம் விடை அதனுடன் ஒத்துப்போகிறது. 1940-க்குப் பிந்தைய பாதி வெள்ளிக் காசுக்கு 9.5 வரும். வெள்ளி முலாம் பூசிய செம்புக்கு ஏறத்தாழ 9. 'ஜெர்மன் சில்வர்' எனப்படும் செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவைக்கு 9-க்கும் குறைவு. (பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் வெள்ளி சிறிதும் இல்லை.) ஆக, போலிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையிலேயே அகப்பட்டுவிடும்.

ஆனால் பிழையின் அளவையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். நீரில் எடை காண்பதில் 10 மில்லிகிராம் தவறினால் அடர்த்தியில் ஏறத்தாழ 0.09 மாறும். அதனால் கணக்கிடும் வெள்ளியின் அளவு நூற்றுக்கு 5 பங்கு கூடியோ குறைந்தோ போகும். எனவே 10 மில்லிகிராம் வரை மட்டுமே காட்டும் தராசை வைத்துக்கொண்டு 'இதில் 91.7 பங்கு வெள்ளி உள்ளது' என்று உறுதி கூற இயலாது. 'பாதி வெள்ளிக் காசு அல்ல' என்று கூறலாம். மில்லிகிராம் வரை காட்டும் தராசானால் முடிவும் அந்த அளவுக்கு நுட்பமாகும். கொதிக்கவைத்து ஆறிய நீரைப் பயன்படுத்துவதும், ஒட்டிய காற்றுக் குமிழிகளை மெல்லிய தூரிகையால் அகற்றுவதும் அவசியம். அரித்துக் குழிவிழுந்த காசில் காற்று தங்கும். பொருக்குகளின் அடர்த்தியும் வெள்ளியைவிடக் குறைவு. ஆதலால் அசல் காசே குறைந்த அடர்த்தியைக் காட்டக்கூடும். அரித்த காசின் அடர்த்தி குறைந்தது என்பதற்காக மட்டும் அதைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது.

இரண்டாம் சோதனை: காந்தமும் சுழல் மின்னோட்டமும்

அடர்த்தி பொருந்திவிட்டால் காசு வெள்ளி என்றாகிவிடுமா? ஆகாது. காரீயத்தின் அடர்த்தி 11.34; ஈயம் எனப்படும் வெள்ளீயத்தின் அடர்த்தி 7.29. எடையில் 83 பங்கு காரீயமும் 17 பங்கு வெள்ளீயமும் கலந்தால், கணக்குப்படி அடர்த்தி 10.36! ஆர்க்கிமிடீஸையே ஏமாற்றிவிடும் கலவை இது. ஆகவே அடர்த்தியோடு தொடர்பில்லாத வேறொரு பண்பைக் கொண்டும் சோதிக்க வேண்டும்.

அந்தப் பண்பு மின்கடத்துதிறன். எல்லா உலோகங்களிலும் வெள்ளியே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது. இதை அறிய மின்கம்பிகளை இணைக்க வேண்டியதில்லை. காசை 45 பாகை சாய்வில் ஒரு மரப்பலகையில் நிறுத்தி, அதன் மேல் ஒரு சிறு நியோடிமியம் காந்தத்தை நழுவவிட்டாலே போதும். காசு கீறாமலிருக்க ஒரு மெல்லிய தாளை இடையில் வைத்துக்கொள்ளலாம்.

காந்தம் நகரும்போது காசினுள் காந்தப் பாயம் மாறுகிறது. அதனால் காசில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. லென்ஸ் விதிப்படி அவை தம்மை உண்டாக்கிய இயக்கத்தை எதிர்க்கின்றன. கடத்துதிறன் மிகுந்த வெள்ளியில் இந்த எதிர்ப்பு வலுவானது. காந்தம் தேனில் இறங்குவது போல மெதுவாக நழுவும். காரீயக் கலவையிலும் ஜெர்மன் சில்வரிலும் கடத்துதிறன் குறைவாதலால் அது விரைந்து சரிந்துவிடும். காந்தம் ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது என்று பொருள்.

செம்பும் நல்ல கடத்தியே. எனவே முலாம் பூசிய செம்புக் காசு காந்தச் சோதனையில் தேறிவிடும். ஆனால் அடர்த்திச் சோதனையில் தோற்றுவிடும். காரீயக் கலவையோ அடர்த்தியில் தேறிக் காந்தத்தில் தோற்கும். இரண்டிலும் ஒருசேரத் தேறுவது மலிவான உலோகங்களுக்கு மிகக் கடினம். ஒரு சோதனையை எத்தனை முறை திரும்பச் செய்தாலும் கிடைக்காத உறுதி, தொடர்பற்ற இரு பண்புகளைச் சோதிப்பதால் கிடைக்கிறது. அறிவியலில் சான்று என்பதன் அடிப்படையே இதுதான்.

சுண்டிப் பார்க்கும் பழைய முறைக்கும் இங்கே இடம் உண்டு. வெள்ளிக் காசு நீடித்த, கணீரென்ற ஓசை தரும்; காரீயக் கலவை 'தொப்' என்று ஓய்ந்துவிடும். ஆயினும் உள்ளே விரிசல் கண்ட அசல் காசும் மங்கலாகவே ஒலிக்கும். அரித்த காசைச் சுண்டினால் உடையவும் கூடும். எனவே இம்முறையைத் தவிர்ப்பதே நல்லது.

எக்ஸ்-கதிர் சொல்வதும் சொல்லாததும்

நகைக்கடைகளில் காசை ஒரு பெட்டிக்குள் வைத்ததும் சில நொடிகளில் உலோகங்களின் விகிதத்தைத் திரையில் காட்டும் கருவியைப் பலரும் பார்த்திருப்பர். இது எக்ஸ்-கதிர் ஒளிர்தல் முறை. கருவியின் எக்ஸ்-கதிர்கள் காசின் அணுக்களிலுள்ள உட்சுற்று எலெக்ட்ரான்களை வெளியேற்றுகின்றன. காலியான இடத்துக்கு மேற்சுற்று எலெக்ட்ரான் இறங்கும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலுடன் ஓர் எக்ஸ்-கதிர் வெளிப்படும். வெள்ளிக்கு அது சுமார் 22 ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட். செம்புக்கு சுமார் 8 ஆயிரம். ஆற்றலைக் கொண்டு தனிமத்தையும், செறிவைக் கொண்டு அளவையும் அறிகிறோம்.

இக்கருவிக்கு ஒரு குறைபாடு உண்டு. உள்ளே உண்டாகும் கதிர்கள் வெளியே வருமுன் உலோகத்தால் உட்கவரப்படுகின்றன. வெள்ளியின் கதிர் சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்திலிருந்தும், செம்பின் கதிர் சில மைக்ரோமீட்டர் ஆழத்திலிருந்தும் மட்டுமே வெளிவர முடியும். ஆகவே கருவி காண்பது காசின் தோலை மட்டுமே. தடித்த முலாம் அதை ஏமாற்றிவிடும். மண்ணில் நெடுநாள் கிடந்த காசில் மேற்பரப்பின் செம்பு கரைந்து போயிருக்கும். அப்போது கருவி உண்மையைவிட அதிக வெள்ளி காட்டும். புளியிட்டுத் தேய்த்தாலும் மேற்பரப்பின் செம்புச் சேர்மங்கள் கரைந்து இதே திசையில் கணக்கு மாறும். தோலைக் காணும் எக்ஸ்-கதிரின் விடையை, முழு உடலையும் எடைபோடும் ஆர்க்கிமிடீஸின் விடையோடு ஒப்பிட்ட பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

வெள்ளி மெய், காசு பொய்

இதுவரை கண்ட சோதனைகள் உலோகத்தைப் பற்றியவை. போலி செய்பவர் உண்மையான வெள்ளியிலேயே செய்துவிட்டால்? அரிய ஆண்டுக் காசுக்கு வெள்ளியின் விலையைப் போலப் பல மடங்கு விலை கிடைப்பதால், இவ்வாறு செய்வதில் அவருக்கு இலாபமே. இங்கே தராசும் காந்தமும் கைவிரித்துவிடும். நுண்ணோக்கிதான் துணை.

அசல் ரூபாய் அச்சுகளுக்கிடையே பேரழுத்தத்தில் அடிக்கப்பட்டது. எழுத்துகளின் விளிம்பு கூர்மையாகவும், உலோகம் அச்சுக்குள் பாய்ந்த நுண்ணிய கோடுகளுடனும் இருக்கும். வார்ப்பில் எடுத்த போலியில் விளிம்புகள் மழுங்கியிருக்கும். மேற்பரப்பில் வாயுக் குமிழிகளால் ஏற்பட்ட நுண்துளைகள் தெரியும். ஓரத்தில் இரு அச்சுப் பாதிகளும் சேர்ந்த கோடு தென்படலாம். உருகிய வெள்ளி இறுகும்போது சுருங்குவதால் விட்டமும் சற்றுக் குறையும். ஒரே அசலிலிருந்து வார்த்த போலிகளில் அந்த அசலின் கீறல்களும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். இரு காசுகளில் ஒரே கீறல் இருந்தால் குறைந்தது ஒன்றாவது பொய்.

மூன்றாவது வகைப் போலி இன்னும் நுட்பமானது. அசல் காசையே எடுத்து அதன் ஆண்டை மாற்றிவிடுவது அது. ஆறாம் ஜார்ஜின் 1938-ஆம் ஆண்டு ரூபாய் எளிதில் கிடைக்கும். 1939-ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது. '8' என்பதைச் செதுக்கி '9' ஆக்க எத்தனை நுட்பமான கை வேண்டும்! உலோகம் அசல், எடை அசல், அச்சும் அசல். பொய்யாக இருப்பது ஓர் எண்ணின் ஓர் ஓரம் மட்டுமே.

இதைக் காட்டிக் கொடுப்பது எது? நாம் துலக்கிவிட நினைத்த அந்தக் கறுப்புதான். பல ஆண்டுகளாகப் படிந்த படலம் காசின் மேல் சீராகத் தொடர்ந்து செல்லும். செதுக்கிய இடத்தில் அந்தத் தொடர்ச்சி அறுந்து, உளியின் புதிய கீறல் பளிச்சிடும். செயற்கையாகக் கறுப்பேற்றினாலும், அது சுற்றியுள்ள பழைய படலத்துடன் நிறத்திலும் தடிப்பிலும் எளிதில் ஒத்துப்போகாது. காசு முழுவதையும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால், பழைய பரப்பும் புதிய பரப்பும் ஒன்றாகிவிடும். சாட்சி மறைந்துவிடும். அசல் காசை வைத்திருந்தவர், அது அசல் என்று காட்டும் சான்றைத் தம் கையாலேயே துடைத்தவராவார்.

சீரமைப்பு: எந்த அளவுக்கு?

அப்படியானால் காசை அழுக்கோடு விட்டுவிடுவதா? கறுப்புப் படலம் மெல்லியதாகவும் உறுதியாகவும் இருந்தால், ஆம், விட்டுவிடுவதே நன்று. பச்சைப் பூப்பு மேலும் பரவுகிறது, எழுத்தை மறைக்கிறது என்ற நிலையில்தான் தலையிட வேண்டும். வீட்டில் செய்யத்தக்கது சிறிதளவே. காய்ச்சி வடித்த நீரில் காசை ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றி, ஒட்டியுள்ள மண்ணையும் உப்பையும் நீக்கலாம். பிறகு துணியால் தேய்க்காமல், ஒற்றி உலர்த்த வேண்டும்.

அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் கொண்டு கறுப்பை நீக்கும் முறை பலருக்குத் தெரியும். காசும் அலுமினியமும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகின்றன. அலுமினியம் கரைகிறது, சல்பைடிலுள்ள வெள்ளி மீண்டும் உலோகமாகிறது, கந்தகம் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடாக வெளியேறுகிறது. தேய்ப்பதைவிட இது மேலானது; வீட்டு வெள்ளிப் பாத்திரங்களுக்கு ஏற்றது. ஆனால் திரும்பப் படியும் வெள்ளி கெட்டியாக இருப்பதில்லை. நுண்துளைகளுடன் மங்கலாகவே இருக்கும். படலம் சொன்ன செய்தியும் போய்விடும். பழங்காசுக்கு இம்முறையைப் பரிந்துரைக்க இயலாது.

கடுமையாக அரித்த காசுகளை வல்லுநர்கள் மின்னாற்பகுப்பால் சீரமைக்கின்றனர். காசை எதிர்மின்வாயாக வைத்து மிக மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால், பொருக்காகிப் போன வெள்ளி குளோரைடு மெல்ல மெல்ல வெள்ளியாகத் திரும்பும். மின்னோட்டம் மிகுந்தால் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பிப் பொருக்கைப் பெயர்த்துவிடும். பல காசுகளில் உருவமும் எழுத்தும் அடியிலுள்ள உலோகத்தில் இராமல் அந்தப் பொருக்கிலேயே எஞ்சியிருக்கும். பொருக்குப் பெயர்ந்தால் காசின் முகமே போய்விடும். எனவே இது ஆய்வுக்கூடத்தில் மட்டுமே செய்யத்தக்கது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டிலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அரித்த செப்புத் திருமேனிகள் அங்கே மின்னாற்பகுப்பு முறையில் சீரமைக்கப்பட்டன.

வளைந்த காசை நிமிர்த்தும் ஆசையையும் அடக்க வேண்டும். வெள்ளியும் செம்பும் குளிர்ந்த நிலையில் ஒன்றிலொன்று சிறிதளவே கரையும். காலப்போக்கில் செம்பு பிரிந்து உலோகப் படிகங்களின் எல்லைகளில் தங்குகிறது. அந்த எல்லைகள் வழியே அரிப்பும் நுழைவதால், மிகப் பழைய காசு ஓடு போல நொறுங்கும் தன்மை அடைகிறது. பார்வைக்கு உலோகம், நிமிர்த்தினால் மண்ணோடு!

காசுமாலையில் கோத்த காசில் துளையோ பற்றவைத்த வளையத்தின் தடமோ இருக்கும். புது வெள்ளியால் துளையை அடைத்து, மேலே எழுத்தையும் செதுக்கித் தருபவர்கள் உண்டு. விற்கும்போது அதைச் சொல்லாவிட்டால் அது சீரமைப்பு அல்ல, ஏமாற்று. துளையும் அந்தக் காசின் வரலாறே. ஒரு பெண்ணின் கழுத்தில் அது இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்?

காத்து வைப்பது எப்படி?

காசை எப்போதும் ஓரத்தில் பிடித்தே எடுக்க வேண்டும். விரலின் வியர்வையில் உப்பு இருக்கிறது. ரப்பர் வளையத்தில் கந்தகம் இருப்பதால் அதனால் கட்டக் கூடாது. பி.வி.சி. என்னும் மென்மையான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் சிதைந்து அமிலத்தையும் எண்ணெய்ப் பசையையும் வெளிவிட்டுக் காசில் பச்சைப் பசையை உண்டாக்கும். அவற்றையும் தவிர்க்க வேண்டும். அமிலமற்ற தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வைப்பது நன்று. எடை, விட்டம், அடர்த்தி, யாரிடமிருந்து வந்தது என்னும் விவரங்களை எழுதி உடன் வைக்க வேண்டும். மண்ணில் புதைந்திருந்து கிடைத்த காசு நமக்கு உரியதாகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உள்ள தராசு, வெர்னியர் அளவி, ஒரு சிறு காந்தம், ஓர் உருப்பெருக்கி ஆகியவை இருந்தால், மேற்கண்ட சோதனைகளில் பெரும்பகுதியை மாணவர்களே செய்துவிடலாம். வீட்டிலுள்ள பழைய ரூபாயைப் பெரியவர்களின் அனுமதியோடு எடுத்து வந்து அடர்த்தி கண்டு பாருங்கள். விடை 10.3-ஐ ஒட்டி வந்தால் மகிழலாம். 9-க்குக் கீழே வந்தால் வருந்த வேண்டாம். எப்போதோ யாரோ உங்கள் முன்னோரை ஏமாற்றிய கதை ஒன்று வெளிப்பட்டிருக்கிறது. எது வந்தாலும், வீட்டுக்குத் திரும்பியதும் அதைப் புளியிட்டுத் துலக்க யாரையும் விடாதீர்கள்.